மைமோனிடிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூத சமய வரலாற்றில் ஆர்வம் கொண்ட நண்பர்களோடு பேசும்போதெல்லாம், விவிலியக் காலத்துக்குப் பிறகு அந்த மரபு என்னவாயிற்று என்ற கேள்வியில் தொடங்கி, வெகுவிரைவில் மைமோனிடிஸ் என்ற ஒரே மனிதரிடம் வந்து நிற்கிறோம்: பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர், தத்துவஞானி, மருத்துவர். அவரைப் பற்றித் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மைமோனிடிஸ், ரம்பாம், மூசா இப்னு மைமூன் என்றெல்லாம் படிக்கிறேன். மூன்று பேரா, ஒருவரா?

ஒருவரே. அவருடைய பெயர் மோசே. தந்தையின் பெயர் மைமோன். ஐரோப்பிய நூல்கள் அவரை மைமோனிடிஸ் என்றும், அரபு நூல்கள் மூசா இப்னு மைமூன் என்றும் குறிப்பிடுகின்றன. 'ரப்பி மோசே பென் மைமோன்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து யூதர்கள் ரம்பாம் என்கிறார்கள். இன்றைய ஸ்பெயினின் கோர்டோபா நகரில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1135 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. தம் வயதைப் பற்றி அவரே எழுதிவைத்த குறிப்பைக் கொண்டு கணக்கிடும் ஆய்வாளர்கள் 1138 என்கிறார்கள். 1204 டிசம்பரில் எகிப்தில் காலமானார். கலிலேயாவின் திபேரியா நகரில் உள்ள அவருடைய கல்லறை இன்றும் மக்கள் வழிபடச் செல்லும் இடம்.

மோசே, தாவீது, எசாயா போன்றவர்களைத் தெரியும். அதற்குப் பிறகு யூத மதத்தில் பெரியவர்கள் என்று யாரைச் சொல்வது? இவர் அந்த வரிசையில் எங்கே வருகிறார்?

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்த பிறகு, பலியும் குருமாரும் இல்லாத ஒரு சமயத்தைக் கட்டிக் காத்தவர்கள் ரப்பிகள் எனப்படும் அறிஞர்கள். ஆலயம் இருந்த காலத்திலேயே வாழ்ந்த ஹில்லேல், அழிவுக்குப் பின் கற்பித்த அக்கீவா, வாய்மொழிச் சட்ட மரபை ஏறத்தாழ கி.பி. 200இல் மிஷ்னா என்ற தொகுப்பாக ஒழுங்குசெய்த யூதா ஹநாசி ஆகியோர் இந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்கிறார்கள். மிஷ்னாவின் மீது தலைமுறை தலைமுறையாக நடந்த விவாதங்களே தல்மூத் ஆயின. பத்தாம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் சாதியா காவோன் யூத நம்பிக்கைகளைத் தர்க்க முறையில் விளக்கினார். பிரான்சில் ரஷி (1040–1105) விவிலியத்துக்கும் தல்மூதுக்கும் எழுதிய உரைகள் இல்லாமல் இன்றுவரை யாரும் அவற்றைப் படிப்பதில்லை.

இவர்களுக்குப் பின் வந்த மைமோனிடிஸ், சட்டத்தைத் தொகுத்தவராகவும் தத்துவத்தை எழுதியவராகவும் ஒருங்கே உயர்ந்து நின்றார். 'மோசே முதல் மோசே வரை மோசேயைப் போல் ஒருவர் எழும்பவில்லை' என்று யூதர்கள் சொல்வது வழக்கம். விவிலியத்தின் மோசேக்கு அடுத்ததாக இந்த மோசேயை வைக்கும் அந்த வாக்கியம் மிகையாகவே தோன்றலாம். ஆனால் அவருக்குப் பின் எழுதிய யூதச் சிந்தனையாளர் எவரும் அவரை ஏற்றோ மறுத்தோ தான் எழுத முடிந்தது.

ஸ்பெயினில் பிறந்தவர் எகிப்துக்கு ஏன் போனார்?

அவர் சிறுவனாக இருந்தபோது, 1148இல், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொஹத் ஆட்சியாளர்கள் கோர்டோபாவைக் கைப்பற்றினார்கள். அதற்கு முந்தைய முஸ்லிம் ஆட்சிகளில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் வரி செலுத்தித் தம் சமயத்தைப் பின்பற்ற முடிந்தது. அல்மொஹதுகள் அந்த ஏற்பாட்டை ஒழித்தார்கள். குடும்பம் ஸ்பெயினுக்குள்ளேயே பல ஆண்டுகள் அலைந்து, ஏறத்தாழ 1160இல் மொராக்கோவின் ஃபெஸ் நகருக்குச் சென்றது. 1165இல் அங்கிருந்து கப்பலேறி, புயலில் தப்பி, ஆக்கோ துறைமுகத்தில் இறங்கி, எருசலேமையும் எபிரோனையும் தரிசித்து, இறுதியில் எகிப்தின் ஃபுஸ்டாட் நகரில் குடியேறியது. இது இன்றைய கெய்ரோவின் பழைய பகுதி.

இந்த அலைச்சலுக்கு நடுவில், இருபத்து மூன்று வயதில், மிஷ்னா முழுமைக்கும் உரை எழுதத் தொடங்கி முப்பதாம் வயதில் முடித்தார். சில பகுதிகளைப் பயண வழியிலும் கப்பலிலும் எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார்.

அவரே ஒரு கட்டத்தில் முஸ்லிமாக மாறினார் என்று படித்தேன். உண்மையா?

அப்படி எழுதியவர் இப்னு அல்-கிஃப்தி என்ற முஸ்லிம் வரலாற்றாசிரியர். ஸ்பெயினில் வெளித்தோற்றத்துக்கு இஸ்லாமை ஏற்றதாகவும், பிற்காலத்தில் எகிப்தில் ஒருவர் அதைச் சுட்டி மதத் துரோகக் குற்றம் சாட்டியபோது, வற்புறுத்திப் பெற்ற மதமாற்றம் செல்லாது என்று எகிப்திய அமைச்சர் அல்-ஃபாதில் தீர்ப்பளித்ததாகவும் அவர் எழுதினார். இதை ஏற்கும் ஆய்வாளரும் உண்டு, மறுப்பவரும் உண்டு.

இதைவிட முக்கியமானது, இந்த நெருக்கடியில் சிக்கியவர்களுக்கு எழுதப்பட்டதும் காலங்காலமாக அவருடையதாகவே கருதப்படுவதுமான ஒரு மடல். உயிருக்கு அஞ்சி வாயளவில் இஸ்லாமிய உறுதிமொழியைச் சொன்ன யூதரின் வழிபாடு முழுவதும் வீண் என்று ஒரு ரப்பி தீர்ப்பெழுதியிருந்தார். அம்மடல் அந்தத் தீர்ப்பைக் கடுமையாக மறுக்கிறது. கட்டாயத்தால் சொல்லப்பட்ட சொல் ஒருவரைத் துரோகி ஆக்காது. ஆனால் வாய்ப்புக் கிடைத்த உடனே வீடு வாசலை விட்டு அந்த நாட்டிலிருந்து வெளியேற வேண்டும் என்பதே அதன் அறிவுரை.

இந்தியாவோடு அவருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அது அவர் வாழ்வின் மிகப் பெரிய துயரம். அவருடைய தம்பி தாவீது மணிக்கல் வணிகர். அண்ணன் கவலையின்றிப் படிக்க, தம்பி சம்பாதித்தார். செங்கடல் கரையிலுள்ள ஐதாப் துறைமுகத்திலிருந்து தாவீது எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. பாலைவனத்தைக் கடந்து வந்து பார்த்தால் துறைமுகத்தில் அவுரியைத் தவிர வாங்குவதற்குச் சரக்கே இல்லை என்றும், அதனால் கடல் கடந்து இந்தியா செல்லத் துணிந்துவிட்டதாகவும் அதில் எழுதுகிறார். பிறகு தாவீது இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். அவரோடு அவருடைய பணமும், அண்ணனின் பணமும், பிறர் கொடுத்திருந்த பணமும் போயின. அவருடைய மனைவியையும் சின்ன மகளையும் அண்ணன் தம் பொறுப்பில் ஏற்றார்.

பல ஆண்டுகள் கழித்து ஆக்கோவில் இருந்த யாப்பேத் என்ற நண்பருக்கு எழுதிய மடலில், அச்செய்தி வந்த நாள்முதல் ஏறக்குறைய ஓராண்டு காய்ச்சலோடும் கொப்புளங்களோடும் மனக்கலக்கத்தோடும் படுக்கையில் கிடந்ததாகவும், எட்டு ஆண்டுகள் ஆகியும் ஆறுதல் கிட்டவில்லை என்றும் எழுதுகிறார். 'என் மடியில் வளர்ந்தவன். எனக்குத் தம்பி, எனக்கு மாணவன்' என்கிறார். அவன் கையெழுத்தையோ அவனுடைய புத்தகம் ஒன்றையோ காணும்போதெல்லாம் நெஞ்சு புரள்கிறது என்கிறார். அறிவின் கட்டுப்பாட்டையே வாழ்நாள் முழுதும் போதித்தவர் இப்படி எழுதியதைப் படிக்கும்போது அவர் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

ஐதாபிலிருந்து எழுதப்பட்ட கடிதம் ஃபுஸ்டாட்டின் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் பழைய தாள்களைச் சேர்த்துவைத்த 'கெனிசா' அறையிலிருந்து கிடைத்தது. அங்கிருந்த ஏடுகளில் பெரும்பகுதியை சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் 1896–97இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். மலபார் மிளகு வணிகம் பற்றிய பல யூத வணிகர் கடிதங்களும் அந்தக் குவியலில்தான் இருந்தன. இவை தவிர, பிரான்சின் லூனேல் நகர அறிஞர்களுக்கு எழுதிய மடலில் இந்திய யூதர்களைப் பற்றி ஒரு வரி வருகிறது: அவர்களுக்கு எழுதப்பட்ட தோராவே (மோசேயின் ஐந்து நூல்கள்) தெரியாது, ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பதும் எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்வதும் மட்டுமே அவர்களிடம் உள்ளன என்கிறார். இது அவர் கேள்விப்பட்ட செய்தி; நேரில் கண்டதன்று.

மதகுருவாக இருந்தவர் மருத்துவம் பார்த்தது ஏன்?

தோராவைக் கற்பித்துப் பொருள் ஈட்டுவது தவறு என்பது அவருடைய உறுதியான கருத்து. பழைய ரப்பிகளில் விறகு வெட்டியவர்களும் தண்ணீர் சுமந்தவர்களும் இருந்ததை எடுத்துக்காட்டி, சமூகத்தின் நன்கொடையில் வாழும் அறிஞர்களைக் கடுமையாகச் சாடினார். மேலே சொன்னபடி தம்பியும் பணமும் போன பிறகு மருத்துவமே அவர் பிழைப்பாயிற்று. எகிப்தின் சுல்தான் சலாஹுத்தீனின் அமைச்சர் அல்-ஃபாதிலுக்கும், பின்னர் சலாஹுத்தீனின் மகன் அல்-அஃப்தலுக்கும் மருத்துவராக இருந்தார். ஆஸ்துமா, நஞ்சுமுறிவு, உடல்நலப் பேணல் ஆகியவை பற்றி அரபியில் நூல்கள் எழுதினார்.

அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பது, தம்மைப் பார்க்க வர விரும்பிய மொழிபெயர்ப்பாளர் சாமுவேல் இப்னு திப்போனுக்கு 1199இல் எழுதிய மடலில் இருக்கிறது. காலையிலேயே கெய்ரோ அரண்மனைக்குச் சென்று, நண்பகலுக்குப் பிறகு பசியோடு ஃபுஸ்டாட் திரும்பினால், வீட்டு முன்கூடம் முழுவதும் யூதரும் பிறருமாக நோயாளிகள் காத்திருப்பார்கள். சவாரி செய்துவந்த விலங்கின் மீதிருந்து இறங்கிக் கைகழுவி, சிறிது உண்டுவிட்டு வர அவர்களிடம் அனுமதி கேட்பார். இருபத்து நான்கு மணி நேரத்தில் அது ஒன்றே அவருக்கு உணவு. பிறகு இரவு வரை மருத்துவம். களைப்பு மிகும்போது படுத்தபடியே மருந்து சொல்வார். ஆகவே தத்துவம் பேசுவதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம் என்று அந்த அறிஞருக்கு எழுதினார்.

மிஷ்னே தோரா என்பது என்ன? தல்மூத் இருக்கும்போது இன்னொரு சட்ட நூல் எதற்கு?

தல்மூத் ஒரு விவாதப் பதிவு. ஒரு கேள்வியில் தொடங்கி வேறு பத்துக் கேள்விகளுக்குத் தாவும். முடிவைச் சொல்லாமலே அடுத்ததற்குப் போகும். சாதாரண மனிதர் தமக்கு வேண்டிய சட்டத்தை அதில் தேடி எடுப்பது கடினம். மைமோனிடிஸ் ஏறத்தாழ 1178க்கும் 1180க்கும் இடையில் முடித்த மிஷ்னே தோராவில், வழிபாடு, திருமணம், வணிகம், குற்றம், போர், இடிந்துபோன ஆலயத்தின் பலிகள் என அனைத்தையும் 14 நூல்களாகப் பிரித்து, தெளிந்த எபிரேயத்தில், விவாதங்களை நீக்கி, முடிவுகளை மட்டும் வரிசைப்படுத்தினார். இதற்குப் பத்து ஆண்டுகள் உழைத்தார். முன்னோட்டமாக, 248 விதிகளும் 365 விலக்குகளும் ஆகிய 613 கட்டளைகளைத் தனி நூலாகப் பட்டியலிட்டார்.

முன்னுரையில், தோராவைப் படித்துவிட்டு இந்த நூலைப் படிப்பவருக்கு இடையில் வேறு நூல் தேவையில்லை என்று எழுதினார். இது பலரைப் புண்படுத்தியது. தென் பிரான்சின் அறிஞர் ஆபிரகாம் பென் தாவீது, எந்தச் சட்டம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லாதது பெருங்குறை என்று கண்டித்து, நூல் நெடுக மறுப்புக் குறிப்புகள் எழுதினார். என் மதிப்பீட்டில் அந்தக் கண்டனம் நியாயமானது. இன்று அச்சிடப்படும் மிஷ்னே தோராவில் அந்த மறுப்புகள் மூலத்தின் பக்கத்திலேயே இடம்பெறுகின்றன. எதிர்ப்பைக் களையாமல் உடன்வைத்துப் படிப்பது அந்த மரபின் பண்பு. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஒரு கைப்பிரதியின் இறுதியில், இது என் நூலோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது என்று அவரே கையொப்பமிட்டிருப்பதை இன்றும் காணலாம்.

தர்மத்துக்கு எட்டுப் படிகள் சொன்னவர் இவர்தானா? அவை என்ன?

இவர்தான், மிஷ்னே தோராவில் ஏழைகளுக்குக் கொடுப்பது பற்றிய பகுதியில் வருகிறது. கீழ்ப்படியில் இருப்பவர் மனவருத்தத்தோடு கொடுப்பவர். அதற்கு மேல், தகுந்த அளவைவிடக் குறைவாக ஆனால் முகமலர்ச்சியோடு கொடுப்பவர். கேட்ட பிறகு கொடுப்பவர். கேட்பதற்கு முன்பே கொடுப்பவர். அதற்கும் மேலே, கொடுத்தவர் யாரென்று வாங்குபவருக்கு மட்டும் தெரிவது, வாங்குபவர் யாரென்று கொடுப்பவருக்கு மட்டும் தெரிவது, இருவருக்குமே ஒருவரையொருவர் தெரியாதது என்று ஏறுகிறது.

எல்லாவற்றுக்கும் உச்சியில் அவர் வைப்பது, பார்வைக்குத் தர்மமாகவே தெரியாத ஒன்று: தாழ்ந்துபோனவருக்கு அன்பளிப்போ கடனோ கொடுத்தோ, அவரைத் தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்தோ, வேலை தேடிக் கொடுத்தோ, இனி யாரிடமும் கையேந்தாதபடி அவரை நிமிர்த்துவது. வாங்குபவரின் மானத்தை அளவுகோலாக வைத்தே படிகள் அனைத்தும் அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவருடைய தத்துவ நூல் யாருக்காக எழுதப்பட்டது? யூதர்களுக்கான நூலை ஏன் அரபியில் எழுதினார்?

அவர் வாழ்ந்த இடங்களின் யூதர்கள் பேசியதும் அறிவியல் படித்ததும் அரபியில். ஆகவே ஏறத்தாழ 1190இல் முடித்த 'குழம்பியோர்க்கு வழிகாட்டி' என்ற நூலை அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதினார். மேலே குறிப்பிட்ட சாமுவேல் இப்னு திப்போன் அதை 1204இல் எபிரேயத்தில் மொழிபெயர்த்து முடித்தார்.

நூல் யோசேப் என்ற மாணவருக்கு எழுதப்பட்டது. தோராவில் உறுதியான பற்றும் அரிஸ்டாட்டிலின் தத்துவத்தில் பயிற்சியும் உள்ள ஒருவர், 'கடவுளின் கை', 'கடவுள் இறங்கினார்' போன்ற சொற்களைப் படிக்கும்போது தடுமாறுகிறார். அறிவைப் பின்பற்றினால் வேதத்தைக் கைவிட வேண்டுமோ, வேதத்தைப் பற்றினால் அறிவுக்கு முதுகு காட்ட வேண்டுமோ என்ற அவருடைய வேதனைக்கே இந்நூல் மருந்து. அனைவருக்குமான நூல் அன்று என்று ஆசிரியரே எச்சரிக்கிறார். ஆயத்தமில்லாதவர் தொடக்கூடாது என்பதற்காகச் சில இடங்களில் வேண்டுமென்றே மறைத்தும் சிதறடித்தும் எழுதியதாக ஒப்புக்கொள்கிறார்.

கடவுளைப் பற்றி 'இல்லை, இல்லை' என்றுதான் சொல்ல முடியும் என்றாராமே? அப்படியானால் கடவுளை அறிவது எப்படி?

கடவுளுக்கு உடல் இல்லை என்பது அவருக்கு அசைக்க முடியாத அடித்தளம். அதோடு நில்லாமல், 'கடவுள் நல்லவர், வல்லவர்' என்று நாம் சொல்லும் பண்புகளும் மனித அளவிலானவை என்றார். ஆகவே அவருடைய செயல்களைப் பற்றிப் பேசலாம். அவருடைய இயல்பைப் பற்றி, இன்னது அன்று என்று விலக்கிச் சொல்ல மட்டுமே முடியும்.

இது வெறுமை ஆகாதா என்ற ஐயத்துக்கு நூலிலேயே ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். கப்பல் என்று ஒன்று இருப்பதாக ஒருவர் அறிகிறார். அது என்னவென்று தெரியாது. அது கனிமம் அன்று என்று ஒருவருக்கு விளங்குகிறது. உயிரினம் அன்று என்று அடுத்தவருக்கு. மண்ணில் நிற்கும் செடி அன்று, தட்டையான பலகை அன்று, உருண்டை அன்று என்று அடுத்தடுத்தவர்களுக்கு. கடைசியில் வருபவர் கப்பலை ஏறக்குறைய கண்முன் காண்கிறார். ஒவ்வொரு மறுப்பும் ஆதாரத்தோடு நிறுவப்பட வேண்டும். வாயால் 'இல்லை' என்று அடுக்குவதால் பயனில்லை.

யூதர்களுக்கு 13 கட்டாய நம்பிக்கைகள் உண்டு என்கிறார்கள். அதை வகுத்ததும் இவரா?

ஆம். மிஷ்னா உரையில், 'மறுமையில் யாருக்குப் பங்கு உண்டு' என்ற பகுதியின் முன்னுரையாக அதை எழுதினார். கடவுள் இருக்கிறார், அவர் ஒருவரே, உடலற்றவர், வழிபாடு அவருக்கு மட்டுமே உரியது என்று தொடங்கி, மெசியா என்ற மீட்பரின் வருகை, இறந்தோர் உயிர்த்தெழுதல் என்று முடிகிறது. தொழுகைக் கூடங்களில் பாடப்படும் 'யிக்தால்' பாடல் இப்பட்டியலையே செய்யுளாக்கியது.

ஆனால் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கட்டளைப் பட்டியலாக இது ஒருபோதும் இருந்ததில்லை. கடவுளுக்கு உடல் உண்டு என்று எண்ணுபவர் மதத்துக்குப் புறம்பானவர் என்று மைமோனிடிஸ் எழுதியபோது, முன்னர்க் குறிப்பிட்ட ஆபிரகாம் பென் தாவீது, இவரைவிடப் பெரியவர்களும் சிறந்தவர்களும் அப்படி எண்ணியிருக்கிறார்களே என்று பக்கத்திலேயே எழுதினார். செயலை விதித்த ஒரு சமயத்தில், எண்ணத்தையும் விதிக்கலாமா என்ற அந்தச் சச்சரவு இன்னும் தீரவில்லை.

விலங்குப் பலி கடவுளுக்குத் தேவையே இல்லை என்று எழுதினாரா?

கடவுள் அதை நாடவில்லை என்று எழுதினார். எகிப்திலிருந்து வெளியேறிய மக்கள் பலியைத் தவிர வேறு வழிபாட்டை அறியாதவர்கள். பழகியதை ஒரே நாளில் விட மனித இயல்பு இடம் தராது. ஆகவே கடவுள் பலியை அனுமதித்து, ஓரிடத்துக்கும் ஒரு குருமரபுக்கும் அதை ஒடுக்கி, மெல்ல மெல்ல மக்களை உயர்த்தினார் என்பது 'வழிகாட்டி'யின் விளக்கம். அடுத்த நூற்றாண்டின் பேரறிஞர் நக்மானிடிஸ், பலிகளைப் பற்றிய விவிலிய நூலான லேவியராகமத்துக்கு எழுதிய உரையில் இதைக் கடுமையாக மறுத்தார். இத்தனைக்கும் மிஷ்னே தோராவில் பலிச் சட்டங்களை நுணுக்கமாகத் தொகுத்தவரும் மைமோனிடிஸே. அவரைப் பொறுத்தவரை, ஒரு கட்டளையின் வரலாற்றுக் காரணம் தெரிந்துவிட்டதால் கட்டளை தளர்ந்துவிடுவதில்லை.

மெசியா வந்தால் அற்புதங்கள் நடக்கும் என்று அவர் நம்பினாரா?

இல்லை. மிஷ்னே தோராவின் கடைசி அத்தியாயங்களில், மெசியா அற்புதம் காட்ட வேண்டியதில்லை, உலகம் தன் வழக்கப்படியே நடக்கும் என்கிறார். சான்றாக, மேலே சொன்ன அக்கீவாவையே காட்டுகிறார்: ரோமருக்கு எதிராக 132–135இல் கிளர்ந்த பார் கோக்பாவை மெசியா என்று அக்கீவா நம்பினார், எந்த அடையாளமும் கேட்கவில்லை, அவன் கொல்லப்பட்டதும் அவன் மெசியா அல்லன் என்று தெளிந்தார்கள். பிற அரசுகளின் ஒடுக்குமுறையிலிருந்து விடுபட்டு, பசியும் போரும் பொறாமையும் இன்றி மக்கள் கடவுளை அறிய முயலும் காலமே மெசியாவின் காலம். 1172இல் மதமாற்ற நெருக்கடியிலும் போலி மெசியா ஒருவரின் கவர்ச்சியிலும் தவித்த ஏமன் நாட்டு யூதர்களுக்கு அவர் எழுதிய மடலும், நாள் குறித்துக் காத்திருக்க வேண்டாம் என்றே எச்சரித்தது. அந்நாட்டு யூதர்கள் அவரை மறக்கவில்லை. இன்றும் அவர்களில் பலர் அவருடைய தீர்ப்புகளையே பின்பற்றுகிறார்கள்.

அவருடைய நூல்களை யூதர்களே எரித்தார்கள் என்பது சரியா?

1232 வாக்கில் பிரான்சின் மோன்பெல்லியேயில் சாலமோன் என்ற அறிஞரும் அவர் மாணவர்களும் 'வழிகாட்டி'க்கு எதிராகத் தடை விதிக்கச் செய்தார்கள். ஆதரவாளர்கள் எதிர்த் தடை விதித்தார்கள். சச்சரவு கிறிஸ்தவ அதிகாரிகளின் காதுக்குப் போய், அவர்கள் நூலை எரித்தார்கள் என்பதே அக்கால மடல்கள் சொல்லும் செய்தி. யார் போய்ச் சொன்னது என்பதில் இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டின. 1305இல் பார்சலோனாவின் சாலமோன் இப்னு அத்ரெட், 25 வயதுக்குக் குறைந்தவர்கள் கிரேக்கத் தத்துவம் படிக்கக் கூடாது என்று தடை விதித்தார். மருத்துவத்துக்கு மட்டும் விலக்களித்தார்.

இதற்கிடையில் நூலின் லத்தீன் வடிவத்தைப் படித்த கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், 'ரப்பி மோசே' என்று பெயர் சொல்லியே அவரோடு விவாதித்தார். 1670இல் தத்துவஞானி ஸ்பினோசா, வேதத்தை அறிவுக்கு ஏற்ப வளைப்பது தவறு என்று அவரைத் தாக்கினார்.

பெண்களைப் பற்றி அவர் எழுதியவை இன்று ஏற்கத்தக்கவையா?

அல்ல, பூசி மெழுகக் கூடாது. பெரும்பாலான பெண்களின் மனம் கல்விக்கு ஏற்றதன்று என்று சொல்லி, மகளுக்குத் தோரா கற்பிக்க வேண்டாம் என்ற பழைய கருத்தை அப்படியே பதிவு செய்தார். வீட்டுக் கடமையை மறுக்கும் மனைவியைக் கோல் கொண்டும் பணியவைக்கலாம் என்று எழுதினார். காலம் அப்படி என்று தள்ளிவிடவும் முடியாது. அதே காலத்தவரான ஆபிரகாம் பென் தாவீது, பெண்களைக் கோலால் அடிப்பதை நான் ஒருபோதும் கேள்விப்பட்டதில்லை என்று அந்த வரியை மறுத்தார்.

'மைமோனிடிஸின் மருத்துவர் பிரார்த்தனை' என்று பகிர்கிறார்களே, அது அவர் எழுதியதா?

இல்லை. அது 1783இல் ஜெர்மன் மொழியில் முதன்முதலாக அச்சாயிற்று. மார்கஸ் ஹெர்ஸ் என்ற யூத மருத்துவர் எழுதியதாக இருக்கலாம் என்பதே பெரும்பான்மைக் கருத்து. அழகான பிரார்த்தனைதான். ஆனால் மைமோனிடிஸின் மருத்துவ உள்ளத்தை அறிய விரும்புபவர் அந்த 1199ஆம் ஆண்டு மடலைப் படிப்பதே சரி.

சட்டம் எழுதியவர் ஒருவர், தத்துவம் எழுதியவர் வேறொருவர் போலத் தோன்றுகிறதே? உண்மையில் அவர் எதை நம்பினார்?

இந்த ஐயம் அவர் காலத்திலேயே தொடங்கியது; தத்துவஞானி ஒருவர் பக்தர் வேடத்தில் எழுதினார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இன்றும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. மிஷ்னே தோரா சட்ட நூல். ஆனால் அதன் முதல் வாக்கியம், எல்லா அடித்தளங்களுக்கும் அடித்தளம், முதலாவதாக இருக்கும் ஒருவர் உண்டு என்று அறிவது என்கிறது. கடவுளை அறிவதையே முதல் கட்டளையாக வைத்து, விண்கோள்களின் அமைப்பையும் பொருள்களின் தன்மையையும் அதே பகுதியில் விளக்குகிறார்.

'வழிகாட்டி'யின் இறுதியில் இதன் மறுபக்கம் இருக்கிறது. அரசன் அரண்மனையில் இருக்கிறான். சிலர் நகருக்கு வெளியே. சிலர் நகருக்குள் இருந்தும் அரண்மனைக்கு முதுகைக் காட்டி நடக்கிறார்கள். சிலர் மதிலைச் சுற்றிச் சுற்றி வாசலைத் தேடுகிறார்கள். சிலர் முன்கூடத்தில் உலவுகிறார்கள். வெகுசிலரே அரசன் முன் நிற்கிறார்கள். சட்டங்களை மட்டும் கற்று, நம்பிக்கையின் அடிப்படைகளை ஆராயாத அறிஞர்களை மதிலைச் சுற்றுபவர்களாக அவர் வைத்தார். இந்த உவமையைப் பலர் மன்னிக்கவில்லை. ஆனால் உள்ளே நுழைந்தவருக்கும் கட்டளைகளிலிருந்து விடுதலை இல்லை. கடவுளை அறிந்தவர் அவருடைய செயல்களைப் பின்பற்றி அன்பும் நீதியும் செய்பவராக வெளியே வர வேண்டும் என்றே அந்த நூல் முடிகிறது.

புதிதாகப் படிக்க விரும்புபவர் எங்கே தொடங்கலாம்?

'வழிகாட்டி'யில் தொடங்க வேண்டாம். காரணத்தை மேலே அவரே சொல்லிவிட்டார். மிஷ்னா உரையில் அறநெறி பற்றி எழுதிய 'எட்டு அத்தியாயங்கள்' சிறியது, தெளிவானது. உண்மையை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள் என்று அதன் முன்னுரையில் எழுதி, தாம் கிரேக்கரிடமிருந்தும் அரபியரிடமிருந்தும் எடுத்துக்கொண்டதை மறைக்காமல் சொல்கிறார். அதன் பின் மிஷ்னே தோராவின் முதல் நூலையும் ஏமன் மடலையும் படித்துவிட்டு, அப்போதும் குழப்பம் தீராதிருந்தால் 'வழிகாட்டி'யை எடுக்கலாம்.